‘சுமையா?’ என்று கேட்டார்கள், ‘இல்லை’ என்று சொல்லிவிட்டேன்

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 47. கணவருக்கு வளைகுடாவில் வேலை. மாமிக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்கு, 78 வயது. முப்பது வருடம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில், வேலை பார்த்தவர். மறதி நோய் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. இப்போது என் பெயரும் தெரியாது. சாயங்காலம் ஆனால் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று வாசலுக்கு வந்துவிடுவார். பகல் முழுக்கப் போர்வை நுனியைப் பிய்த்துக்கொண்டே இருப்பார். ஒரு கண்ணில் புரை இருக்கிறது, இந்த வயதுக்கு மேல் ஆபரேஷன் எதற்கு என்று விட்டுவிட்டோம். பிரசவத்துக்கு வந்த மகளும் நாலு மாதப் பேத்தியும் வீட்டில் இருக்கிறார்கள். நாத்தனார் இரண்டு பேர். ஒருவர் திருவனந்தபுரத்தில், இன்னொருவர் மார்த்தாண்டத்தில். எப்போதாவது வருவார்கள். வந்தால், ‘என்ன மைனி, அம்மை இப்படி மெலிஞ்சு போச்சு’ என்பார்கள்.

போன மாதம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவியும் இன்னொருவரும் வந்தார்கள். முதியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றிய ஆராய்ச்சியாம். ஒரு மணி நேரம் கேள்வி. ‘மொத்தத்தில் இவரைப் பார்த்துக்கொள்வது உங்களுக்கு எவ்வளவு சுமையாக இருக்கிறது?’ என்று கேட்டபோது ‘சுமையே இல்லை’ என்றேன். மகள் பக்கத்தில் நின்றாள், மாமி கட்டிலில் இருந்தார். அவர்கள் போனபிறகு அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த தடவை வந்து மாமியிடம் ரத்தம் எடுக்க வேண்டும், ஒரு தாளில் கையெழுத்து வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். போடலாமா? இந்த ஆராய்ச்சியால் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது?

பின்குறிப்பு: பத்து நாளாக மாமி இரவில் தூங்குவதே இல்லை. இல்லாத ஆட்களோடு பேசுகிறார். மருந்துக்கடையில் கேட்டு ஒரு மாத்திரை கொடுத்துப் பார்த்தேன், இன்னும் மோசம். எண்ணெய் தெறித்து என் கையில் பட்ட புண்ணும் ஒரு மாதமாக ஆறமாட்டேன் என்கிறது.

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, பின்குறிப்பிலிருந்து தொடங்குகிறேன். அவசரம் அங்கேதான் இருக்கிறது.

மறதி நோய் மெதுவாக ஏறும். மாதக் கணக்கில், வருடக் கணக்கில். பத்து நாளில் ஒருவர் இப்படி மாறினால், அதை ‘நோய் முற்றிவிட்டது’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே வேறு ஏதோ நடக்கிறது. பெரும்பாலும் சின்ன விஷயமாக இருக்கும்: சிறுநீர்ப் பாதையில் தொற்று, நாலைந்து நாள் மலச்சிக்கல், தண்ணீர் குறைவாகக் குடித்தது, உடம்பில் உப்பு குறைந்தது, புதிதாகச் சேர்ந்த ஒரு மாத்திரை. வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் வரவேண்டும் என்று கட்டாயமில்லை, குழப்பம் மட்டும் வரலாம். எனவே நாளைக்கே மாமியை டாக்டரிடம் காட்டுங்கள். அரைத் தூக்கமாகவே கிடக்கிறார், எழுப்பினால் எழவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் நாளை வரை பொறுக்க வேண்டாம், இன்றே. சிறுநீர், ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள். மருந்துக்கடையில் வாங்கிய அந்த மாத்திரை அட்டையையும் மறக்காமல் கொண்டுபோங்கள். தூக்கம் வரட்டும் என்று கொடுக்கும் சில மாத்திரைகளும், சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் தூக்கம் தரும் மாத்திரைகளும் இவர்களுக்குக் குழப்பத்தைக் கூட்டும். டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை திரும்பக் கொடுக்க வேண்டாம்.

சரி, இப்போது அந்தப் பொய்க்கு வருவோம்.

நான் மருத்துவர் இல்லை, செவிலியர். சமுதாய நலச் செவிலியம் கற்பித்துக்கொண்டு, படிக்கும் பிள்ளைகளை உங்கள் வீடு போன்ற வீடுகளுக்கு அனுப்பி வைத்தவள். அதனால் சொல்கிறேன், அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போன பெண் நீங்கள் மட்டுமல்ல. நம் பக்கத்தில் மாமியைப் பார்ப்பது சுமை என்று வாயால் சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் ஆகிவிடும். அதிலும் அவர் காது கேட்க, மகள் முன்னால்! மாணவி உங்களைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டும். தவறு அங்கே.

உங்களிடம் கேட்ட கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். 1980-இல் அமெரிக்காவில் ஸ்டீவன் சாரிட் என்பவர் தம் உடன் ஆய்வாளர்களோடு, மறதி நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்த 29 பேரிடம் இப்படிக் கேள்விகள் கேட்டார். அன்றைக்கு 29 கேள்விகள். பிறகு குறைந்து 22 ஆனது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. இருபத்திரண்டாவது கேள்விதான் உங்களை அழவைத்தது. இன்று உலகம் முழுக்க இந்தப் பட்டியலைத்தான் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள்.

அந்த முதல் ஆய்வில் எல்லோரும் எதிர்பார்த்தது ஒன்று. நோயாளி எவ்வளவு தொந்தரவு கொடுக்கிறாரோ, அவ்வளவுக்குப் பார்த்துக்கொள்பவருக்குச் சுமை கூடும் என்று. அப்படி இல்லை. கேட்டதையே எத்தனை தடவை திரும்பக் கேட்கிறார், துணியை நனைக்கிறாரா, இரவில் எழுந்து நடக்கிறாரா என்பதற்கும் சுமைக்கும் அங்கே பொருத்தம் கிடைக்கவில்லை. பொருந்திவந்தது வேறு: குடும்பத்தில் மற்றவர்கள் எத்தனை தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பது. வருகிறவர்கள் உள்ள வீட்டில் சுமை குறைவு. வராத வீட்டில் கூடுதல். சின்ன ஆய்வுதான், 29 பேர்தான். ஆனால் இதைப் படித்த நாளில் எனக்கு நான் போய்வந்த எத்தனையோ வீடுகள் கண்முன் வந்தன.

உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாமி உங்கள் பெயரை மறந்ததை அரை வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நாத்தனார் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் எழுத்து மாறாமல் எழுதியிருக்கிறீர்கள்.

அவர்களும் கெட்டவர்கள் இல்லை. மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறவருக்கு மெலிவு சட்டென்று தெரியும், கூடவே இருக்கிறவருக்குத் தெரியாது. அம்மா போய்க்கொண்டிருக்கிறாரே என்கிற பயம் அப்படிக் குற்றச்சாட்டாக வெளியே வருகிறது. ஆனால் அதைக் கேட்டு நீங்கள் வாயடைத்து நிற்பதில் யாருக்கும் லாபமில்லை.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் என்பவர் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். வாழ்க்கைத்துணையின் மறதி நோயைச் சமாளித்துக்கொண்டிருந்த 406 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான உதவி. மீதிப் பாதிக்கு, பார்த்துக்கொள்பவரோடு தனியாக இரண்டு முறை பேச்சு, பிறகு குடும்பத்தை மொத்தமாக உட்காரவைத்து நான்கு முறை. அதன்பின் இவர்களைப் போன்றவர்கள் கூடிப் பேசும் ஆதரவுக் குழு, எப்போது கூப்பிட்டாலும் போனில் பேச ஒருவர். அவ்வளவுதான், மருந்து எதுவும் கிடையாது. 2006-இல் வெளியான முடிவில், இப்படி உட்காரவைத்துப் பேசிய குடும்பங்களில் நோயாளியை முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பும் நாள் 557 நாட்கள் தள்ளிப்போயிருந்தது. ஒன்றரை வருடத்துக்கும் மேல்! கவனியுங்கள், ஒருவரிடம் பேசியது இரண்டு தடவை, குடும்பத்திடம் பேசியது நாலு தடவை.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று தோன்றலாம். நியாயம். உலகில் மறதி நோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தபோது, நடந்த ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை. அந்த வெட்கக்கேட்டையே பெயராக வைத்துக்கொண்டு 1998-இல் ‘10/66’ என்று ஓர் ஆராய்ச்சிக் குழு கிளம்பியது. அதன் கணக்கெடுப்பில் சென்னையும் வேலூரும் உண்டு. அதே வழியில் கோவாவில் 81 குடும்பங்களோடு ஒரு சோதனை நடந்தது, 2008-இல் முடிவு வெளியானது. உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். நோய் என்றால் என்ன, கத்தினால் எப்படிப் பேசுவது, ராத்திரி எழுந்தால் என்ன செய்வது, எந்த உதவித்தொகைக்கு எங்கே மனு கொடுப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், நோயாளிகளின் நடத்தையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. பார்த்துக்கொண்டவர்களின் மனநிலைதான் தேறியிருந்தது. அதே அம்மா, அதே கத்தல். கேட்கிறவருக்கு மட்டும் அது முன்போல நெஞ்சில் குத்தவில்லை.

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. நம் அரசாங்கம் ஒரு செவிலியரை உங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டுமா, அனுப்பினால் பலன் உண்டா என்பதற்கு இப்படிப்பட்ட வீடுகள் சொன்ன பதில்தான் சாட்சி. சுமை உள்ளவர்கள் எல்லோரும் ‘சுமையே இல்லை’ என்று சொல்லிவிட்டால், கணக்கில் சைபர் விழும். சைபருக்கு யாரும் திட்டம் போடமாட்டார்கள்.

மீதிப் பாதிக்கு உங்கள் பேத்தியைக் காட்டுகிறேன். நாலு மாதம் என்கிறீர்கள், அப்படியானால் 6, 10, 14 வாரங்களில் ரோட்டா சொட்டு மருந்து கொடுத்திருப்பார்கள். கடும் வயிற்றுப்போக்கு வராமல் தடுக்கிற மருந்து. இந்தியாவிலேயே உருவான முதல் ரோட்டா தடுப்பு மருந்து ரோட்டாவாக். அதன் மூலக் கிருமி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், தொற்று இருந்தும் வயிற்றுப்போக்கு வராத பச்சைக் குழந்தைகளிடமிருந்து 1980-களில் எடுத்தது. அது வேலை செய்கிறதா என்று பார்க்க டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் சேர்த்து 6,799 குழந்தைகள் ஆய்வில் சேர்ந்தார்கள். வேலூரில் அதை நடத்தியது கிறித்தவ மருத்துவக் கல்லூரி. யார் பெற்ற பிள்ளையோ, யாரோ ஒரு தாய் ஒரு தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, யோசித்து, கையெழுத்துப் போட்டாள். அந்தக் குழந்தைகள் இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்கள் முகம் உங்களுக்குத் தெரியாது, பலன் உங்கள் தொட்டிலில் கிடக்கிறது.

இதனால் உங்கள் மாமிக்கு நேராக ஒன்றும் நடக்காமல் போகலாம். அதைச் சொல்லாமல் மறைக்கக் கூடாது. ஆராய்ச்சி முடிந்து, எழுதி, யாரோ படித்து, திட்டமாகி வர வருடங்கள் பிடிக்கும். நான் படித்த காலத்தில் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் கணக்கெடுக்கப் போனோம். ஒரு அம்மச்சி நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, ‘மக்களே, இத எழுதிட்டுப் போயி எனக்கு என்ன செய்வ?’ என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. சாயா வேறு போட்டுத் தந்தார். நாங்கள் திரும்பி அந்த ஊருக்குப் போகவே இல்லை, என்ன கண்டுபிடித்தோம் என்று யாரிடமும் சொல்லவில்லை. இன்று வரை அது எனக்கு உறுத்தல்தான். அதனால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன்: அந்த மாணவி வந்தால், முடிவு தெரிந்ததும் எங்கள் ஊருக்கு வந்து சொல்வீர்களா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கையெழுத்து விஷயம். போடலாம், ஆனால் அன்றே, நின்ற நிலையில் போட வேண்டாம். நம் நாட்டில் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு நெறிமுறைக் குழு ஒன்று ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆய்வைப் பற்றிய விளக்கத் தாளைத் தமிழில் கேளுங்கள், அதை உங்களிடமே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து முடிவு சொல்கிறேன் என்றால் நல்ல ஆய்வாளர் முகம் சுளிக்கமாட்டார். எவ்வளவு ரத்தம், எந்தப் பரிசோதனைக்கு, முடிவை எங்களுக்கும் தருவீர்களா, மீதி ரத்தத்தை எத்தனை காலம் வைத்திருப்பீர்கள், வேறு ஆராய்ச்சிக்குக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். ரத்தம் வேண்டாம், கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன் என்றால் ஆய்வில் இருக்கலாமா என்றும் கேட்டுப்பாருங்கள். பாதியில் விலகலாம், விலகினால் மாமிக்குக் கிடைக்கும் சிகிச்சை எதுவும் நிற்காது. இது அந்தத் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும், ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கு ஒரு பைசா செலவு வரக் கூடாது. யாராவது வங்கிக் கணக்கு, ஓடிபி என்று பேச்செடுத்தாலோ, கையோடு ஒரு டப்பா சத்துமாவு விற்கப் பார்த்தாலோ, வாசலைக் காட்டிவிடுங்கள். புதிய மருந்தைச் சோதிப்பதாகச் சொன்னால் கதை வேறு. அதற்கு மருத்துவப் பரிசோதனைகளுக்கான தேசியப் பதிவேட்டில் எண் இருக்கும், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு உங்கள் டாக்டரிடம் காட்டாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மாமியால் யோசித்து முடிவெடுக்க முடியாது என்பதால் குடும்பத்தில் ஒருவர் அவருக்காகக் கையெழுத்துப் போடுவார். அதற்காக அவர் விரலைப் பிடித்து மையில் ஒற்றி எடுத்துவிடக் கூடாது. இன்னொன்றும் உண்டு. தாளில் யார் கையெழுத்து இருந்தாலும், ஊசியைப் பார்த்து மாமி கையை இழுத்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான். அன்றைக்கு எடுக்கக் கூடாது. பெயர் மறந்தவருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை மறந்துபோகாது.

அந்தத் தாளை வைத்து நாத்தனார்களைக் கூப்பிடுங்கள். ‘அம்மைக்கு ரத்தம் எடுக்கணுமாம், நான் மட்டும் முடிவு பண்ண முடியாது, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாங்க’ என்று சொல்லுங்கள். உங்கள் கணவரை வீடியோ காலில் இழுத்துவிடுங்கள். கூடி உட்கார்ந்தபின் தாளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால் போதும். அப்புறம் உங்கள் விஷயத்தைப் பேசுங்கள். புகாராகச் சொன்னால் அவர்கள் தற்காப்புக்கு இறங்குவார்கள். ஆளுக்கு ஒரு வேலையாகக் கேளுங்கள். மார்த்தாண்டத்திலிருந்து தக்கலைக்கு ஒரு பஸ் போதும். அவர் வாரத்தில் ஒரு நாள், குறிப்பிட்ட ஒரே நாள், காலையில் வந்து சாயங்காலம் வரை இருக்கட்டும். ‘நேரம் கிடைக்கும்போது வாரேன்’ என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டாம். நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை. திருவனந்தபுரத்துக்காரர் மாதத்தில் இரண்டு இரவு இங்கே தங்கட்டும், மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளட்டும். அவர்கள் வந்திருக்கும் நேரத்தில் நீங்கள் விருந்து சமைக்கக் கூடாது. இது என் கண்டிப்பான உத்தரவு! கஞ்சியும் பயறும் போதும். மாமிக்கு ஊட்டிவிடுவதும் குளிப்பாட்டுவதும் மகள்கள் செய்யட்டும். ஒரு தட்டுக் கஞ்சி உள்ளே போக முக்கால் மணி நேரம் ஆகும் என்பதைக் கையால் அனுபவித்தபின் அந்த மெலிந்துபோன பேச்சு தானாகக் குறையும்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்றால் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை கொண்டுவருகிறவர்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே வரும் நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் அந்தத் திட்டத்தில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியின் பெயரைப் பதியுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு உங்களுக்கே மனம் உடைந்தால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசில்லை. முதியோருக்கான உதவிகளைக் கேட்க 14567.

போர்வை நுனிக்கு வருகிறேன், எனக்கு உங்கள் கடிதத்தில் மனத்தைப் பிடித்த இடம் அதுதான். முப்பது வருடம் அண்டி ஆபீசில் இருந்தவர் என்று முதலில் எழுதிவிட்டு, நாலு வரி தள்ளி, நாள் முழுக்க எதையோ பிய்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்துப் பார்த்தீர்களா? எனக்கென்னவோ அவர் போர்வையைப் பிய்க்கவில்லை, பருப்புக்குத் தோல் உரிக்கிறார் என்று தோன்றுகிறது. தலை மறந்ததை விரல் மறக்கவில்லை.

பிலடெல்பியாவில் லாரா கிட்லின் என்கிற பேராசிரியர் 60 குடும்பங்களோடு இதைச் செய்து பார்த்து 2008-இல் எழுதினார். மறதி நோய் வந்தவர் முன்பு என்ன வேலை செய்தார், எதில் பிரியம், இப்போது கைக்கு எவ்வளவு முடியும் என்று பார்த்து, அவரவருக்குத் தைத்த சட்டை மாதிரி ஒரு வேலையைக் கொடுத்தார்கள். நிழல் மாதிரிப் பின்னாலேயே வருவதும் கேட்டதையே கேட்பதும் குறைந்தன. நீங்கள் முருங்கைக்கீரையைக் கொத்தாக முறத்தில் வைத்து, உருவித் தரச் சொல்லுங்கள். நிலக்கடலை, பயறு போன்ற சின்ன மணிகள் வேண்டாம், வாயில் போட்டுப் புரையேறும். பாதிக் கீரை தரையில் விழும், காம்பும் சேர்ந்து வரும். திருத்த வேண்டாம். ‘இன்னைக்குக் கூலி உண்டு’ என்று சொல்லிப்பாருங்கள், முகம் மாறும்.

சாயங்காலம் வாசலுக்கு வருகிறாரே, ‘இதுதான் உன் வீடு’ என்று நிரூபிக்கப் போகாதீர்கள். அவர் கேட்பது பிறந்த வீடாக இருக்கலாம், ஆபீஸ் விட்டு வீடு திரும்பும் நேரமாகவும் இருக்கலாம். ‘சரி, சாயா குடிச்சிட்டுப் போவோம்’ என்று உள்ளே கூட்டிவாருங்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் நாலரை மணிக்கே மூடிக்கொண்டுவிடும், மங்கலில் நிழலெல்லாம் ஆளாகத் தெரியும். அதிலும் கண்ணில் புரை இருப்பவருக்கு! அதனால் அந்தக் கண்ணை ‘இனி எதற்கு’ என்று விட்டது சரியில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 3,038 முதியவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதி நோய் வருவது ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாக இருந்தது. மாமிக்கு நோய் வந்தாயிற்று, கண்ணைச் சரிசெய்தால் அது திரும்பிப் போகாது. ஆனால் எதிரில் நிற்பது யார் என்று தெரியும். தடுக்கி விழுவது குறையும். இந்த இரவுக் குழப்பம் தீர்ந்தபின் கண் டாக்டரிடம் கேளுங்கள், ஆபரேஷன் மேசையில் அசையாமல் படுப்பாரா என்பதை அவர் பார்த்துச் சொல்வார். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கைப் புண். முதலில் சர்க்கரை பாருங்கள், வெறும் வயிற்றில். 47 வயதில் ஒரு மாதம் ஆறாத புண்ணுக்கு அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சர்க்கரை சரியாக இருந்தால் இதைக் கேளுங்கள். 1995-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதி நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்களையும், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களையும் அழைத்து, கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சின்னப் புண் செய்து, எத்தனை நாளில் ஆறுகிறது என்று பார்த்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. வாய் ‘சுமையே இல்லை’ என்றாலும் தோல் பொய் சொல்லாது போலிருக்கிறது.

அந்த மாணவி மறுபடி வரும்போது முதலில் சொன்ன பதிலை மாற்றலாமா என்று நீங்கள் யோசிக்கக் கூடும். மாற்றலாம். மகளை மாமி பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணை முற்றத்துக்குக் கூட்டிப்போய், ‘போன தடவை ஒரு பதில் தப்பாச் சொல்லிட்டேன்’ என்று சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்குப் பக்கம் புரட்டுவார். 0 முதல் 4 வரை ஒரு எண் கேட்பார். எந்த எண் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.